இமை

துணைவேந்தரின் பிறந்தநாள் முதல் கேன்டீன் மெனு வரை, எங்கள் பல்கலைக்கழகம் கண்ணில் மாட்டிவிட்ட லென்ஸில் தினமும் ஆயிரம் அறிவிப்பு ஓடும். படித்துப் படித்தே வகுப்பில் மயங்கி விழுந்தாள் என் ரூம்மேட் நிஷாந்தினி. ஆஸ்பத்திரியில் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. லென்ஸைக் கழற்ற டாக்டருக்கே அனுமதி இல்லையாம்!

ஹாஸ்டல் வார்டன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். “இன்னிக்கு ஆறு மணிக்குள்ள தேங்கின அறிவிப்பு எல்லாத்தையும் படிக்கலைன்னா யுனிவர்சிட்டிலேருந்து இவ பேரை எடுத்துடுவாங்கம்மா. இமையைத் தூக்கிப் பிடி, படிச்சதா ஏறிடும்.”

“நீங்கள்லாம் மனுஷங்களா? வெளியே போங்க மேடம்!” என்று கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தாள்.

வார்டன் போனதும் மணி பார்த்தேன். ஐந்தே கால்.

நிஷாந்தினியின் இமையைத் தூக்கிப் பிடித்தேன். கேன்டீன் மெனு ஓடியது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்க விரலை எடுத்தால் அறிவிப்பு நின்றுவிடும்.

நான் எடுக்கவில்லை.