நாற்பதாவது ஸ்லைடு

1971 ஜூலை 5, காலை பத்து மணி. விலங்கியல் வகுப்புப் பெட்டியில் நாற்பது கண்ணாடி ஸ்லைடுகள். கடைசி ஸ்லைடின் பெயர் ஆமை. அதன் முறை வருவதற்குள் எப்போதும் மணி அடித்துவிடும்.

“ஒரே ஒரு தடவை சுவரில் தெரியணும், அண்ணே,” என்று ஆமை புரொஜெக்டரிடம் சொன்னது.

“ஆமைக்கு என்னடா அவசரம்?” என்று முதல் ஸ்லைடான யானை சிரித்தது.

“நீங்க கொஞ்சம் சீக்கிரம் இறங்கினா போதும், யானையண்ணே.”

“பிள்ளைங்க விட்டாத்தானே?”

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஆசிரியை மதுரவல்லி கடைசி ஸ்லைடிலிருந்து தொடங்கினார். ஆமை உள்ளே போனது.

“வாடா தம்பி, உன் நேரம்,” என்றது புரொஜெக்டர். அந்த நொடியே பல்பு ஃபியூஸ் போனது. புது பல்பு வரவேயில்லை.

1984 மார்ச் 3 அன்று பெட்டி ஏலத்துக்கு வந்தது. முப்பத்தொன்பது ஸ்லைடுகள் முழுக்கக் கீறல்கள். நாற்பதாவதில் ஒரே ஒரு கைரேகை இருந்தது.