முழங்கால் அளவு

செய்யாற்றுத் தரைப்பாலத்தின் மாகறல் முனையில், கூலிக்கு ரோடு வேலை செய்யும் மார்த்தாள் சிவப்புக் கொடியோடு தண்ணீரில் நிற்கிறாள். முழங்காலுக்கு மேலே ஏறினால் பஸ்ஸை நிறுத்து, கீழே இருந்தால் விடு என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் ஜீப்பில் போய்விட்டார். செம்மண் தண்ணீரோ ஓர் அலைக்கு முழங்காலைத் தொடுகிறது, மறு அலைக்கு இறங்கிவிடுகிறது. மேகக் கிழிசலில் மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது. கூட்டம் பிதுங்கும் சாயங்கால பஸ் அவளருகே வந்து உறுமிக்கொண்டு நிற்கிறது.

"இன்னாம்மா, போலாமா வாணாமா?" டிரைவர் தலையை நீட்டுகிறான்.

கொடி அவள் மார்பு வரை எழுந்து, அதற்கு மேல் எழாமல் நின்றுவிடுகிறது. "கொஞ்சமாத்தான் கீது. பாத்துப் போ நைனா" என்று வாய் சொல்லிவிடுகிறது.

பஸ் தண்ணீரில் இறங்குகிறது. பாலத்து ஓரக் கற்களின் வெள்ளைத் தலைகள் ஒவ்வொன்றாக முழுகுகின்றன. பஸ் நடு ஆற்றை எட்டும்போது மார்த்தாளின் தொடையில் சில்லென்று ஏறிய அலை, இந்த முறை இறங்கவில்லை. "வாணாம் நைனா, பின்னால வந்துடு!" இரைச்சல் அவள் குரலை விழுங்குகிறது. கொடியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறாள். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியே அதைப் பார்த்துவிட்ட ஒரு பெண், மடியிலிருக்கும் குழந்தையின் கையைப் பிடித்து அவளுக்கு டாட்டா காட்டுகிறாள்.