சத்தம் வரும் நேரம்

அளவெடுக்க வந்தவர் சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

அந்தப் பக்கத்திலிருந்து தையல் மிஷின் ஓடுவது லேசாகக் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது.

“இதுவா சார் தொந்தரவு?”

“சேச்சே, இது இல்லை. பாவம், பிழைக்கணுமே,” என்றார் என் கணவர். பெருந்தன்மையாம்.

அவருக்கு ஒரு கம்பெனியில் வேலை. தொலைபேசியில் பேசும் பிள்ளைகளுக்குக் குரலை இறக்கிப் பேசக் கற்றுக்கொடுப்பார். எதிராளி எவ்வளவு கத்தினாலும் நாம் கோபப்படக் கூடாது என்று பாடம் நடத்துவார். அதற்காக இரண்டு கேடயம் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர் கண்ணில் படும்படி முன்னறையில் வைத்திருக்கிறார். தூசி தட்டுவது நான்.

வெளி ஆள் முன்னால் அந்தக் குரல் தானாக வந்துவிடும். அப்படியே தேன் ஒழுகும். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் குமட்டும்.

“சுவத்துல இடிக்கிறாங்க. கையால, டம டமன்னு. மனுஷன் வீட்டுக்கு வந்தா நிம்மதி வேணாமா?”

இதைச் சொல்லிக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் புகார் கொடுக்கவும் ஒரு தடவை போனார். அவர் ஏதோ இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். இவர் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்.

வந்தவர் டேப்பை இழுத்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். என் கணவர் பிடிக்க மாட்டார். கை அழுக்காகிவிடும்.

நீளம், உயரம் எழுதிக்கொண்டார். சுவருக்கு முன்னால் இரும்புச் சட்டம் அடித்து, உள்ளே பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்து, மேலே இரண்டு அடுக்குப் பலகை வைப்பார்களாம். அறை ஒரு சாண் குறுகும்.

“அவங்க சத்தம் இங்க வராது சார். இங்க பேசுறதும் அங்க போகாது.”

“அதுதான் வேணும்.”

வந்தவர் விலை சொன்னார். என் கணவருடைய நான்கு மாதச் சம்பளம்.

நான் காத்திருந்தேன். கால் கிலோ தக்காளிக்குக் கடைக்காரனிடம் பத்து நிமிடம் வாதாடுகிற மனிதர். போன வருஷம் என் பல்லைக் கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு, “பல்லு இல்லாதவங்க எல்லாம் சாப்பிடாமலா இருக்காங்க?” என்றவர்.

அவர் பேரம் பேசவில்லை.

“எப்ப ஆரம்பிக்கலாம்?” என்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் அவர் எதற்கும் இப்படிக் கை தாராளமாக இருந்து நான் பார்த்ததில்லை.

“ஒரே ஒரு விவரம் சார். சத்தம் எந்த நேரத்துல வருது? அந்த நேரத்துக்கு வந்து மீட்டர் வெச்சுப் பார்த்துட்டா, கனம் சரியா போட்டுரலாம்.”

“நேரம்னு ஒண்ணும் கிடையாது. தோணுறப்ப இடிக்கும். தனியா இருக்கிற பொம்பளை, கொஞ்சம் மறை கழண்ட கேஸு.” நெற்றிக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றிக் காட்டினார்.

அந்த அக்கா குடிவந்து எட்டு மாதம். அவரோடு இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. எனக்கு அனுமதி கிடையாது.

வந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“நாள் முழுக்க வீட்டுல இருக்கிறது நீங்கதானே. நீங்க சொல்லுங்கம்மா.”

டேப்பின் முனையை விட்டேன். அது சர்ரென்று ஓடி அவர் கைக்குள் சுருண்டது.

“இவர் என்னை அடிக்கிறப்ப,” என்றேன். “அவங்க இடிச்சா நிறுத்திருவார்.”

வந்தவர் பேனாவை மூடினார்.

என் கணவர் சிரித்தார். பாடம் நடத்தும்போது சிரிக்கிற சிரிப்பு. “இவ எப்பவும் இப்படித்தான், தமாஷ் பண்ணுவா,” என்றார். குரல் ஏறவில்லை. எப்படி ஏறும்? வெளி ஆள் நிற்கிறார். சுவரும் இன்னும் பழைய சுவர்தான்.

கழுத்தில் வேர்வை வழிய, உதட்டில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று இருந்தது. அந்த இளக்காரத்தில் கொஞ்சம் என் மேலும் தெறித்தது.

செருப்பைப் போட்டுக்கொண்டேன். அவர் ஒரு அடி முன்னால் வந்தார். நடுவில் அளவெடுக்க வந்தவர் நின்று காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல்.

வெளியே வந்து பக்கத்துக் கதவைத் தட்டினேன். மிஷின் நின்றது.

அந்த அக்காவை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன். என்னைவிட ஒல்லி. தலைமுடியில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நான் யார் என்று கேட்கவில்லை.

“உள்ள வா,” என்று கதவை அகலத் திறந்தார்.

கதவைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஓரம் முழுக்க நீலமாகக் கன்றிப்போயிருந்தது.