வலப்பக்க ஸ்டீயரிங்

கையைக் காட்டி நிறுத்திய போலீஸ்காரர், எல்லோரையும் போலத் தவறான பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

அங்கே என் கணவர் நெவில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மடியில் வெள்ளைக் கோல்.

போலீஸ்காரர் கோலையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் குனிந்து, இந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தார். இங்கிலாந்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த கார் இது. ஸ்பெயினில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் எங்களை மாதிரி ஆங்கிலேயக் கிழடுகள் மட்டும்தான்.

லைசென்ஸைக் கேட்டார். கொடுத்தேன்.

“இது மே மாசத்துலேர்ந்தே செல்லாதும்மா.”

தெரியும். எங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியதிலிருந்து இரண்டு அரசாங்கங்களும் பேசிக்கொண்டே இருக்கின்றன. பேசி முடிக்கும்வரை என் லைசென்ஸ் வெறும் அட்டை. நெவிலுடையதைக் கெடுவுக்குள் ஸ்பெயின் லைசென்ஸாக மாற்றிவிட்டோம், என்னுடையதற்கு முறை வரவில்லை. அவருடையது இன்னும் மூன்று வருடம் செல்லும். அவர் பார்வைதான் அதற்கு முன்பே காலாவதியாகிவிட்டது.

நாங்கள் குடியிருக்கும் மலையில் உள்ள ஆங்கிலேயர்களில் பாதிப் பேருக்கு இதே கதி. சிலர் காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். ஒருவர் கழுதைக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். முதலிலிருந்து பரீட்சை எழுதுங்கள் என்கிறார்கள். எழுதத்தான் போகிறேன், பிப்ரவரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில், நடமாடும் நூலக வண்டி ஓட்டியவள் நான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று யாரோ வந்து சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார என்னால் ஆகாது.

“ஆஸ்பத்திரிக்குப் போறோம் தம்பி. டயாலிசிஸ். வாரம் மூணு நாள். ஒரு மணிக்கு மெஷின்ல இருக்கணும்.”

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. இன்னும் இருபது கிலோமீட்டர்.

“ஆம்புலன்ஸ் வராதா?”

“தார் ரோடு வரைக்கும் வரும். வீட்டுலேர்ந்து அங்க வர நாலு கிலோமீட்டர் மண் பாதை. அதுல யாரு ஓட்டுறது, இவரா?”

நெவில் சும்மா இருக்கவில்லை. “என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. காட்டவா?” என்றார்.

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். சட்டைக் காலர்கூடக் கசங்காமல் இருந்தது. நெவிலின் கோலையும் ஒடுங்கிய கன்னத்தையும் பார்த்து அவர் முகம் இளகிவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான்.

ஜீப்புக்குப் போய் வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நவம்பர் வெள்ளத்தில் ஒரே ஒரு முறை மெஷின் தவறிப்போனது. மறுநாள் மூச்சுத் திணறலில் உயிர் போய்த் திரும்பியது. இன்னொரு தடவை எங்கள் இருவராலும் அதைத் தாங்க முடியாது.

அவர் திரும்பி வந்து நெவில் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“வண்டியை இங்கயே நிறுத்திடணும்னு சொல்றாங்கம்மா. நீங்க வண்டியோட இருங்க. ஐயாவை நாங்க ஜீப்புல கொண்டுபோய் விட்டுடறோம், சரியா ஒரு மணிக்கு.”

நல்ல பையன்தான். நெவிலின் கையை அவ்வளவு பதமாகப் பிடித்தார். நெவில் ஒரு காலை வெளியே வைத்தபடியே சிரித்துவிட்டார்.

“என்னை எதுக்குப்பா? எனக்குக் கண்ணு மட்டும்தான் போச்சு. கிட்னி போனது அவளுக்கு.”

நான் இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் ஏற்றினேன். ஊசி குத்திக் குத்திக் கயிறு மாதிரி தடித்துப்போன நரம்பை அவர் பார்த்தார். அந்தக் கை கியரின் மேல் இருந்ததையும் பார்த்தார்.

“நாலு மணி நேரம் மெஷின்ல இருந்துட்டு, நீங்களேதான் ஓட்டிக்கிட்டுத் திரும்புவீங்களா?”

“வேற யாரு?”

“வழியில மயக்கம் வந்தா?”

“ஓரமா நிறுத்துவேன். போன மாசம் ரெண்டு தடவை நிறுத்தினேன்.”

நிறுத்த முடியாமல் போனால் எதிரே வருகிறவன் கதி என்ன என்று அவர் கேட்கவில்லை. வாரம் மூன்று நாள் நானே என்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தும் இந்த மனிதரைத் தனியே விட்டுவிட்டுச் சாக எனக்கு இஷ்டமில்லை.

“அப்ப நீங்க ரெண்டு பேருமே ஜீப்புல ஏறுங்கம்மா” என்றார்.

“இன்னைக்கு ஏறிடுவோம். சாயங்காலம் எங்களைக் கூட்டிட்டு வர்றது யாரு? சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வர்றது நீங்களா? செவ்வாக்கிழமை?”

அவர் ஜீப்பில் இருந்த வயர்லெஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

மணி பன்னிரண்டு நாற்பத்து மூன்று.

“அபராதச் சீட்டை எழுதுங்க தம்பி, கட்டிடறேன். அப்படியே சனிக்கிழமைக்கும் சேர்த்து எழுதிடுங்க. அன்னைக்கு நின்னு பேச எனக்கு நேரம் இருக்காது.”

நெவில் காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். நான் கியரைப் போட்டேன்.