வால் தகடு

உலகப்போரின்போது எங்கள் கடலில் விழுந்த போர் விமானம் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாகத் துண்டு துண்டாகச் சேர்த்து வருகிறேன். மீனவர்கள் வலையில் சிக்குவதை எடுத்து வைப்பார்கள். விசிறி, சக்கரம், பாதி இருக்கை எல்லாம் கொட்டகையில் கிடக்கின்றன. ஓட்டியவனின் பெயர்தான் தெரியாது. வால் தகட்டில் எழுதிய எண் கிடைத்தால், படைப் பதிவேட்டிலிருந்து அதுவும் தெரிந்துவிடும்.

வால் தகடு சிக்கியிருப்பதாக மீனவர் தொம்மை சொல்லியனுப்பியதும் ஓடினேன். அவர் மனைவி பிரகாசி அதை இரு கைகளாலும் நீட்டினாள். தகடு பளபளத்தது.

“இதுல எழுத்து எதுவும் இல்லையாம்மா?”

“இருந்துச்சு சார், கறுப்புப் பெயிண்டுல. லேசுல போவல. சாம்பலும் மணலும் போட்டு மூணு நாளாத் தேய்ச்சேன். உங்களுக்குக் குடுக்கிறத அழுக்கோடயா குடுக்கிறது?”

“என்ன எழுதியிருந்துச்சு?”

“அத யாரு பாத்தா? கைத்தோலு உரிஞ்சதுதான் மிச்சம்.”

அவள் விரல் நுனிகள் சிவந்திருந்தன. தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் சிறு கறுப்பு வளைவு ஒன்று மீந்திருந்தது. ஏதோ ஓர் எண்ணின் அடிப்பகுதியாக இருக்கலாம். அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஐயையோ, இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கே. குடுங்க சார்” என்று தேங்காய் நாரை எடுத்தாள்.