அந்த ஆள்

அந்த ஆளும் வந்தால் நான் வரமாட்டேன் என்று கிளென்ஃபீல்ட் வீட்டு வாசலிலேயே ஜனுஷா ஆங்கிலத்தில் கத்தினாள். தாய் மெலனி அதட்டித்தான் அவளைக் காரில் ஏற்றினாள்.

டெஸ்மன் அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பதினொரு வயதுப் பிள்ளையின் மனதில் எப்படியாவது இடம்பிடிக்கலாம் என்ற ஆசையில், ருவாப்பேஹு பனிமலைக்குப் போவோம் என்று சொன்னதே அவன்தான்.

மலை ஏறும்போது கையுறையை நீட்டினான். அவள் தட்டிவிட்டாள். ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தான். அதைப் பனியில் கொட்டினாள்.

"கவனம் பிள்ளை, வழுக்கும்."

"டோன்ட் டோக் டு மீ!"

சொல்லி முடிக்குமுன் அவளுக்குக் கால் சறுக்கியது. டெஸ்மன் பாய்ந்து அவளைப் பிடித்தான். அவளோ அவன் கையை உதறினாள்.

"டோன்ட் டச் மீ! யூ ஆர் நொட் மை டாட்!"

மலை ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெலனி மகளை அடிக்கக் கை ஓங்கினாள்.

"எத்தினை தரமடி உனக்குச் சொல்லுறது? எண்பத்தாறில மன்னாரில படகில ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. நீ என்ர வயித்தில இருந்தனி. எங்களை ஏத்திவிட்டுட்டு உன்ர அப்பா கரையில நிண்டவர். அவரை இஞ்ச கூப்பிட விசா எடுக்கவே எனக்கு இவ்வளவு வருசம் போச்சுது!"

டெஸ்மன் மனைவியின் கையைப் பிடித்துத் தாழ்த்தினான்.

"அடிக்காதை மெலனி. அவள் வளர்ந்த ஒரு நாளைக்கும் நான் பக்கத்தில இருக்கேல்லை. அவள் சொல்லுறதில என்ன பிழை?"