கோட்டைத் தாண்டிய பந்து

"மாவு பிசையவா வந்தீங்க? கையை வீசுங்க!" கரையிலிருந்து கத்தினார் கோச் வுக்சான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்களிடம் பேசுகிற பேச்சா இது?

"இந்த ஆளோட வாயே பிள்ளைங்களைக் கெடுத்துடும்" என்றேன் மனைவி ரைனாவிடம். "எந்நேரமும் ஜெயிக்கணும், ஜெயிக்கணும்."

"கோப்பையோட வந்தா புது சைக்கிள்னு ஸ்டானாகிட்ட சொன்னது யாரு?"

நான் பூசணி விதையைக் கொறித்தேன்.

கோட்டோர் நகர நீச்சல் குளத்தில் வாட்டர்போலோ இறுதிப் போட்டி. கோல் கணக்கு எட்டுக்கு எட்டு. எதிரணி அடித்த பந்தை எங்கள் மகள் ஸ்டானா பாய்ந்து பிடித்தாள். அவள்தான் கோல்கீப்பர். கோல் இல்லை என்று நடுவர் கையை ஆட்டினார். எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது.

ஸ்டானா கையைத் தூக்கினாள்.

"சார், பந்து கோட்டைத் தாண்டிடுச்சு. உள்ளேயிருந்துதான் எடுத்தேன்."

நடுவர் கோல் கொடுத்தார். மிச்சமிருந்த நாலு நொடியில் ஒன்றும் நடக்கவில்லை. தோற்றுவிட்டோம்.

எதிரணிப் பெண்கள் தங்கள் கோச்சைத் தூக்கித் தண்ணீரில் போட்டார்கள். இங்கே ஜெயித்த அணியின் கோச்சுக்கு உடுப்போடு குளியல் நிச்சயம்.

நான் கீழே ஓடினேன். "உன்னை யாரும்மா கேட்டா? சும்மா இருந்திருக்கலாம்ல?"

"பயிற்சியில நடுவர் கிடையாதுப்பா. உள்ளேயா வெளியேயான்னு கோச் என்னைத்தான் கேப்பாரு. நான் சொல்றதுதான் முடிவு."

"அது பயிற்சி. இது கோப்பை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் வுக்சான் விறுவிறுவென்று வந்தார். பிள்ளையை இன்று உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"விட்டுடுங்க கோச். விவரம் தெரியாம உளறிட்டா" என்று குறுக்கே நின்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் திணித்தார். செருப்பை உதறிவிட்டுக் குளத்தின் விளிம்பில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, எங்கள் அணிப் பெண்களைப் பார்த்து நின்றார்.

"என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? ஜெயிச்ச கோச் எவ்வளவு நேரம் காத்துட்டு இருக்கிறது? ஸ்டானா, முதல்ல நீ வந்து தள்ளு."